மேல்கம்பி எதற்கு?

கரூர்ப் பக்கம் ஒரு கல்குவாரியில், ரிமோட் கார்களைப் பாறையில் ஏற்றும் போட்டி. லேத் பட்டறையில் வேலை செய்யும் பூரணி, தானே செய்த காரோடு வந்திருந்தாள். அவள் முறை வந்ததும் பட்டறை முதலாளி தாமோதரன் குறுக்கே வந்து நின்றார்.

"இது என் டிசைன். திருடிட்டு வந்திருக்கா. என் பேரை எழுதுங்க. இவ இனிமே பட்டறைக்கும் வரவேண்டாம்."

நடுவர் பேனாவைத் திறந்தார். பூரணி காரைத் தூக்கி அதன் அடிப்பக்கத்தைக் காட்டினாள்.

"முதலாளி சொன்னா சரிதான் சார். ஒரே ஒரு சந்தேகம். சக்கர அச்சைப் பிடிக்கக் கீழே ரெண்டு கம்பி இருக்கே, மேலே ரெண்டு எதுக்கு முதலாளி?"

"சும்மா ஒரு பலத்துக்கு."

"கழட்டிட்டா ஓடுமா?"

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். "தாராளமா ஓடும்" என்றார்.

அவள் மேல்கம்பிகளைக் கழற்றிவிட்டு ரிமோட்டை அவர் கையில் கொடுத்தாள். அவர் அழுத்தினார். சக்கரம் உருளவில்லை. அச்சே முறுக்கிக்கொண்டு புரள, கார் பாறையடியில் சப்பென்று உட்கார்ந்தது.

"அச்சு இப்படிப் புரளாம பிடிக்கத்தான் சார் மேல்கம்பி" என்றாள் பூரணி.

நடுவர் பேனாவை மூடினார். "மாட்டும்மா. உன் முறைதான்."

அவள் கம்பிகளை மாட்டிவிட்டு, முதலாளி கையிலிருந்து ரிமோட்டை வாங்கினாள். அச்சு புரளாமல் கார் பாறையில் ஏறியது.