அட்மிரலுக்குப் போட்ட சிவப்புக் கோடு

தூத்துக்குடி பிளக்ஸ் கடையில் ஜெஸ்லின் என்று ஒருத்தி. கணக்கில் பெயிலாகிப் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். கல்யாண பேனர் வரையும் மென்பொருளிலேயே கணினி நீர்மூழ்கி விளையாட்டில் எதிரிக் கப்பல் போகும் பாதையையும் ஊகித்து வரைவாள். வரைந்ததெல்லாம் தப்பாகவே போகும்.

அந்த விளையாட்டில் அவளுடைய அணித்தலைவர் கிளாட்வினை எல்லோரும் அட்மிரல் என்றுதான் கூப்பிட வேண்டும். "தீவை நான் எந்தப் பக்கமா சுத்துவேன்னு வரைஞ்சு காட்டு. ஒரே டார்பிடோல என் கப்பலை அடி. இல்லேன்னா அணியை விட்டுக் கிளம்பு" என்றார்.

ஜெஸ்லின் முதலில் டார்பிடோவை ஏவிவிட்டு, இடப்பக்கமாகச் சிவப்புக் கோடு இழுத்துக் காட்டினாள். கிளாட்வின் சிரித்தபடி வலப்பக்கம் திரும்பினார். கப்பல் வெடித்தது.

"இடதுன்னுதானே வரைஞ்ச?"

"அதைத் தப்புன்னு காட்டாம உங்களுக்குத் தூக்கம் வராதே அட்மிரல். அதான் டார்பிடோவை வலப்பக்கம் விட்டேன். என் கோட்டை நானே என்னைக்கு நம்பியிருக்கேன்?"