கிணறு யாருடையது?

மாலி நாட்டில் ஒரு சிற்றூர். அங்கே கதைசொல்லி ஃபோதேயிடம் கதை கற்றவள் சீரா. காட்டுக் கிணற்றைப் பிடித்துக்கொண்டு யாரையும் தண்ணீர் குடிக்க விடாத கழுதைப்புலி, அதைக் கேள்வி கேட்ட முயல். இந்தக் கதையை அவள் நகரத்தில் இருந்து கார்ட்டூன் படமாக்கினாள். எல்லாம் கையால் வரைந்தது. கண் பூத்துப்போகும் வேலை.

கதை ஃபோதேயின் குடும்பத்துக்குச் சொந்தம். அவர் சரி என்றால்தான் படம் வெளியே போகலாம். அந்த ஒரு வார்த்தைக்காகப் படத்தைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தாள்.

பள்ளிக்கூட ஜன்னல்களில் சாக்குகளைத் தொங்கவிட்டு இருட்டாக்கினார்கள். சுவரில் வெள்ளைத் துணி. ஊரே புழுங்கிக்கொண்டு உட்கார்ந்தது.

முயல் வந்தது. "இந்தக் கிணறு யாருடையது?" என்று கேட்டது.

"எங்களுடையது!" என்று பிள்ளைகள் கூரை அதிரக் கத்தினார்கள்.

கழுதைப்புலி சொன்ன பதில் யார் காதிலும் விழவில்லை. முயல் மறுபடி கேட்டது. இந்தமுறை பெரியவர்களும் சேர்ந்து கத்தினார்கள். அந்த இடத்துக்கென்று பார்த்துப் பார்த்துச் சேர்த்த இசை போன இடம் தெரியவில்லை.

சீராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படத்தை நிறுத்தினாள்.

"வாயை மூடிக்கொண்டு பாருங்கள்! இது என்ன சந்தைக்கடையா?"

மூடிக்கொண்டார்கள். படம் முடிகிறவரை ஒரு தும்மல்கூட இல்லை. முடிந்ததும் ஒருவரும் கைதட்டவில்லை. எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

"பார்த்தீர்களா, ஆசானே, உங்கள் ஊர் லட்சணத்தை?" என்றாள் சீரா. "ரத்தத்தைச் சுண்டவைத்து வரைந்திருக்கிறேன். படம் பார்க்கக்கூடவா தெரியாது? கொஞ்சம் மரியாதை வேண்டாமா?"

ஃபோதே சுவரிலிருந்து துணியை எடுத்து மடித்துக்கொண்டிருந்தார்.

"கதையை வாயால் சொல்லு."

"இப்போதா?"

"இப்போதுதான்."

அவள் கடுகடுவென்று ஆரம்பித்தாள். "ஒரு காட்டில் ஒரு கிணறு இருந்தது."

அங்கே நின்றாள். அந்த ஊர் வழக்கம் அப்படி. கேட்பவர் உம் கொட்டாமல் சொல்பவர் அடுத்த வாக்கியத்துக்குப் போகமாட்டார். எத்தனை நகரம் பார்த்தாலும் நாக்கில் ஊறியது போகுமா?

ஃபோதே உம் கொட்டவில்லை.

"ஒரு காட்டில் ஒரு கிணறு இருந்தது."

அவர் துணியின் ஓரத்தை நீவிவிட்டார்.

"கேட்கிறீர்களா, இல்லையா?"

"வாயை மூடிக்கொண்டு கேட்கிறேன். மரியாதையாக."

"உம் கொட்டாமல் எப்படிச் சொல்வது? சுவரோடு பேசுகிற மாதிரி இருக்கிறது!"

சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆனாலும் கோபம் இறங்கவில்லை. "அது வாயால் சொல்கிற கதை. இது படம். படம் யாருக்காகவும் நிற்காது."

"முயல் வருகிற இடத்தைப் போடு."

போட்டாள். வெறும் சுவரில் முயல் வந்தது. "இந்தக் கிணறு யாருடையது?" அது கேட்டு வாயை மூடுவதற்குள் கழுதைப்புலி பேச ஆரம்பித்துவிட்டது.

சீரா படத்தை நிறுத்தினாள். "முடிவாகச் சொல்லுங்கள். சரி என்பீர்களா, மாட்டீர்களா?"

"சொல்கிறேன். அதற்கு முன்னால் நீ ஒன்று சொல்லு," என்றார் ஃபோதே. "ஊரைப் பார்த்துக் கேள்வி கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் ஓடுகிறதே உன் முயல், அதற்கு அப்படி என்ன அவசரம்?"