பெய்ரா டாக்டருக்கு ஒரு சொல்

"பன்னிரண்டு நாளா வாரேன். இந்த ஒரு சொல்லை மட்டும் ஏன் ஒளிச்சு வைக்கே?" என்று கேட்டார் தெய்வநாயகம்.

சவரக்காரர் இஞ்ஞாசி கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டிருந்தார்.

தெய்வநாயகம் முப்பத்திரண்டு வருஷம் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவர். பிள்ளைகள் கொண்டுவரும் லீவ் லெட்டரில் அப்பன் கையெழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தே பழகியவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பார்வை ஓய்வு பெறவில்லை.

இஞ்ஞாசி அவரைவிட இருபது வயது இளையவர். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு எதிரே சலூன். அதற்கு முன்னால் போர்ச்சுகீசியக் கப்பல் ஒன்றில் பதினோரு வருஷம் சவரத் தொழில் பார்த்தார் என்று சொல்கிறார்கள்.

இந்த 'சொல்கிறார்கள்'தான் தெய்வநாயகத்துக்கு உறுத்தல். யார் பார்த்தது?

ஆனாலும் வராமல் இருக்க முடியவில்லை. மகன் மெய்கண்டான் கப்பலில் சமையல்காரன். பித்தப்பையில் கல் என்று ஆப்பிரிக்காவில், பெய்ரா துறைமுகத்தில், அவனை இறக்கிவிட்டுக் கப்பல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடக்கிறான். ஆபரேஷனுக்கு அடுத்த மாசக் கடைசியில்தான் தேதி. வலியில் சோற்றைத் தொடுவதில்லையாம். அங்கே உள்ள டாக்டருக்குப் போர்ச்சுகீஸ் மட்டும்தான் தெரியும்.

டாக்டருக்கு அந்தப் பாஷையிலேயே ஒரு கடிதம் எழுத வேண்டும்; அதனால் தினமும் சவரம்.

இஞ்ஞாசியின் வழக்கம் அப்படி. ஒரு சவரத்துக்கு ஒரு சொல். முகத்தில் நுரை இருக்கும்வரை படிக்கிறவர் வாயைத் திறக்கக் கூடாது. சொல்லைக் காதில் மட்டும் வாங்கிக்கொள்ள வேண்டும். மழிக்க ஒன்றும் இல்லாமல் தெய்வநாயகத்தின் கன்னம் பாக்குமட்டை மாதிரி ஆகிவிட்டது.

மகன், வலி, கல், தயவு எல்லாம் கிடைத்தன. இங்கிலீஷில் 'ஸ்பீட் அப்' என்பார்களே, அது மட்டும் கிடைக்கவில்லை.

கேட்கும்போதெல்லாம் இஞ்ஞாசி, "எதை சார்?" என்பார்.

"ஆபரேஷனைத்தான்!"

"ஆபரேஷன்ல எதை?"

மழுப்புகிறான் என்று நினைத்துக்கொள்வார் தெய்வநாயகம். கப்பலில் சவரம் பண்ணினானோ, வெங்காயம் உரித்தானோ.

நேற்று பழைய புத்தகக் கடையில் ஒரு போர்ச்சுகீஸ் அகராதியைப் பிடித்துவிட்டார். சொல்லும் அகப்பட்டது. கடிதத்தை எழுதி முடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். நாலு மணிக்குக் கப்பல் ஏஜண்ட் ஃபேக்ஸ் அனுப்புவார். இப்போது மூன்று.

நேரே ஏஜண்டிடம் போயிருக்கலாம். ஆனால் அவர் அகராதியையும் முழுசாக நம்புகிறவர் இல்லை.

"அப்ரெஸார்," என்றார், கண்ணாடியில் இஞ்ஞாசியின் முகத்தையே பார்த்தபடி. "சரியா, தப்பா?"

"சரி."

தெய்வநாயகம் இதை எதிர்பார்க்கவில்லை.

"சரின்னா? பன்னிரண்டு நாளா உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டா என் பிள்ளையைப் போட்டு வதைக்கே?"

"உக்காருங்க சார்."

"எனக்கு இன்னைக்குச் சவரம் வேண்டாம்."

"பயமா?"

உட்கார்ந்துவிட்டார். வாத்தியாராக இருந்தவரிடம் அப்படிக் கேட்டால் வேறென்ன செய்வார்.

நுரை பூசி முடிந்தது. தலையைப் பின்னால் சாய்த்தார் இஞ்ஞாசி. கத்தி குரல்வளைக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"இன்னைக்கு நுரையோட பேசலாம் சார். அந்தச் சொல்லை எங்கிட்டச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"டாக்டர்கிட்டச் சொல்லப் போறீங்கல்லா? என்கிட்டயும் சொல்லுங்க."

"அப்ரெஸார்."

கத்தி பறந்தது. தொண்டையில் மேலே, கீழே, காதோரம், மறுபடி தொண்டை. காற்று கிழிகிற சத்தம் கேட்டது.

"நிறுத்துலே! நிறுத்து!"

தெய்வநாயகம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். கழுத்தைத் தடவினார். கையைப் பார்த்தார். நுரைதான். மறுபடி தடவினார். ரத்தம் இல்லை.

"கொல்லப் பார்த்தியாலே?"

இஞ்ஞாசி கத்தியை வெளிச்சத்தில் நீட்டினார். முதுகுப் பக்கம் நுரை அப்பியிருந்தது. கூர்ப்பக்கம் துடைத்து வைத்தது போலப் பளபளத்தது.

"நான் திருப்பிப் பிடிச்சுக்கிட்டேன் சார்," என்றார் இஞ்ஞாசி. "ஆபரேஷனை அவசரமா முடின்னு எழுதினா, டாக்டர் திருப்பிப் பிடிக்க முடியாதுல்லா?"

தெய்வநாயகம் கத்தியின் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

வெளியே ஒரு லாரி போய் முடிந்தது. சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். விரித்தார். அகராதியில் கண்டுபிடித்த சொல்லின் அடியில் இரண்டு கோடு வேறு போட்டிருந்தார். அதையே பார்த்துக்கொண்டு நின்றார். தாடையிலிருந்து ஒரு சொட்டு நுரை காகிதத்தில் விழுந்தது.

"இஞ்ஞாசி."

"சொல்லுங்க."

"தேதி. தேதி முன்னால வரணும். அதான் எனக்கு வேணும்."

"இதைத்தானே நான் கேட்டுக்கிட்டு இருந்தேன்," என்றார் இஞ்ஞாசி. "அதியான்தார்."

"அதியான்தார்."

"ம்."

தெய்வநாயகம் பழைய சொல்லை அடித்தார். புதிய சொல்லை எழுதினார். எழுதிய பிறகும் பேனாவை மூடவில்லை.

"இன்னும் என்ன சார்?"

"உள்ள கொண்டுபோன பிறகு, அந்தக் கத்திக்கு... டாக்டர் கைக்கு... ஏதாவது எழுதணும்லா? பார்த்துச் செய்ங்க, கவனமாச் செய்ங்கன்னு. அதுக்கு என்ன சொல்?"

"அதுக்குச் சொல் இருக்கு," என்றார் இஞ்ஞாசி. "எழுதாதீங்க. பன்னிரண்டு நாளா என் கத்திகிட்ட அதைச் சொன்னீங்களா?"