அழாத கீச்சி

மலைக்காட்டில் ஓர் உயர்ந்த அத்திமரம் இருந்தது. அதன் உச்சிக் கிளையில் கருவால், நெல்லி என்ற மலையணில் தம்பதி கூடு கட்டி வாழ்ந்தார்கள். கூட்டுக்குள் இலவம்பஞ்சு மெத்தை கூட இருந்தது. அதில் படுக்கக் குழந்தைதான் இல்லை.

ஒருநாள் இளைப்பாற வந்த கொக்கு ஒரு சேதி சொன்னது.

"ஆத்துக்கு அந்தப் பக்கம் முள்காட்டு நாட்டுல தீப்பிடிச்சிடுச்சு. தாய் தகப்பன் இல்லாத குட்டிகளை எல்லாம் ஒரு மயில் புளியமரத்தடியில வெச்சுப் பாத்துக்குது. அதுல ஒரு அணில் குட்டியும் இருக்கு!"

"அது நம்ம இனம் இல்லையே. உருவமும் சின்னது, பேச்சும் வேற" என்று கருவால் இழுத்தான்.

"இருந்துட்டுப் போகட்டுங்க! நமக்குப் பிள்ளை வேணும். அதுக்கு அப்பா அம்மா வேணும். வேற என்ன பாக்கணும்?" என்றாள் நெல்லி.

ஆனால் அது வேறு நாட்டுக் குழந்தை ஆயிற்றே! இந்தக் காட்டு ராஜா சம்மதிக்க வேண்டும், அந்தக் காட்டு ராஜாவும் சம்மதிக்க வேண்டும். நரி அதிகாரி மூன்று முறை மரத்தடிக்கு வந்தார். "கூடு ஒழுகுமா? பழம் போதுமா? பாம்பு வருமா?" என்று கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக் கேட்டுவிட்டுப் போனார். ஒரு மழைக்காலம் முழுவதும் காத்திருந்த பிறகு அனுமதி வந்தது.

தரையில் கால் வைத்தே பழகாத இருவரும் மரத்தை விட்டு இறங்கினார்கள். எருமை முதுகில் ஏறி ஆற்றைக் கடந்து முள்காட்டை அடைந்தார்கள்.

புளியமரத்தடியில் நாற்பது குட்டிகள் இருந்தன. மயில் அவற்றின் நடுவிலிருந்து ஓர் அணில் குட்டியை முன்னால் தள்ளிவிட்டது. முதுகில் மூன்று வெள்ளைக்கோடு. கருவாலின் காது உயரம்கூட இல்லை.

"இவ பேரு கீச்சி. தங்கமான பிள்ளை. அழவே மாட்டா!" என்றது மயில்.

நெல்லி கையை நீட்டினாள். கீச்சி உடனே ஏறிக்கொண்டாள். புளியமரத்தை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. "பாத்தியா, எவ்வளவு சீக்கிரம் ஒட்டிக்கிட்டா!" என்று கருவாலுக்குத் தலைகால் புரியவில்லை.

மலைக்குப் போனதும் குழந்தை மளமளவென்று தேறினாள். வெளிறிக் கிடந்த ரோமம் பளபளத்தது. முதல் மாதத்தில் கிளையைப் பிடித்து நடந்தாள். இரண்டாம் மாதத்தில் கிளைக்குக் கிளை தாவினாள். "பழம்", "இலை", "குதி" என்று மலையணில் பேச்சும் வந்தது. "அம்மா" என்ற சொல்லும் வந்தது. நெல்லியை அம்மா என்றாள். பக்கத்து மரத்து மந்தியையும் அம்மா என்றாள். வழிப்போக்கனாக வந்த இருவாச்சிப் பறவையையும் அம்மா என்றாள். யார் கையை நீட்டினாலும் மடியில் ஏறி உட்கார்ந்தாள்.

"என்ன அருமையான பிள்ளை தம்பி! என்னோட நாலும் விடிஞ்சா அடைஞ்சா ஒப்பாரிதான். உன் பொண்ணு வாயே திறக்கிறதில்ல!" என்று மந்தி மூக்கில் விரலை வைத்தாள்.

கருவால் வாலைப் புசுபுசுவென்று விரித்துக்கொண்டான். எதிரில் வந்தவர்களிடம் எல்லாம், "எங்க கீச்சி அழவே மாட்டா!" என்று சொல்லித் திரிந்தான்.

நெல்லிக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. "பசிச்சா அழணும்ங்க. விழுந்தா அழணும். இவ எதுக்கும் அழ மாட்டேங்குறா. எனக்கு என்னவோ போல இருக்கு."

"அடுத்தவங்க பிள்ளை அழுகுதுன்னு புலம்புறாங்க. உனக்கு அழலைன்னு குறையா?" என்று கருவால் சிரித்தான்.

ஒருநாள் காலையில் மெத்தையை உதறும்போது அதில் ரத்தக்கறை தெரிந்தது. கருவால் பதறிப்போய்க் கீச்சியின் பாதத்தைத் திருப்பிப் பார்த்தான். ஒரு முள் முழுதாக உள்ளே இறங்கியிருந்தது. கால் வீங்கிச் சீழ் பிடித்திருந்தது. மூன்று நாளாவது ஆகியிருக்கும். நேற்றுக்கூட அந்தக் காலோடுதான் அவனுக்கு எதிரே சிரித்துக்கொண்டு தாவினாள்!

"ஏன்டா கண்ணு சொல்லலை?"

கீச்சி அவனை விழித்துப் பார்த்தாள். கேள்வியே அவளுக்குப் புரியவில்லை.

"சொன்னா?" என்று கேட்டாள்.

"சொன்னா... அப்பா வந்து எடுத்திருப்பேன்ல?"

 கீச்சி தனக்குத் தெரிந்த சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து வைத்தாள். "அங்க நாங்க நாப்பது. மயிலம்மா ஒண்ணு. வர மாட்டாங்க."

கருவாலுக்கு இப்போதுதான் விளங்கியது. மயில் மேல் தப்பில்லை. நாற்பது அழுகைக்கு ஒரு மயில் என்ன செய்யும்? அழுது அழுது பார்த்துவிட்டு, அழுது பயனில்லை என்று குழந்தை நிறுத்திக்கொண்டிருக்கிறாள். அதைப் போய்ப் பெருமை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேனே என்று வெட்கப்பட்டான். பல்லால் முள்ளைப் பிடுங்கினான். கீச்சி முகம்கூடச் சுளிக்கவில்லை. அழுதது கருவால்தான்.

அன்றே இருவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள்.

"அவ கூப்பிட மாட்டா. அதனால கூப்பிடாமலே போவோம்!" என்றாள் நெல்லி.

அப்படியே செய்தார்கள். கீச்சி தடுக்கினால் போதும், "வலிக்குதா? இதோ வந்துட்டேன்!" என்று கருவால் பாய்ந்து வருவான். வயிறு ஒட்டும் முன்பே நெல்லி பழத்தோடு நிற்பாள். குழந்தை யாருடையவள் என்று அவளுக்கே விளங்க வேண்டுமே! அதனால் மந்தியிடமும் போய், "அக்கா, கொஞ்ச நாளைக்கு அவளை நீங்க மடியில வெச்சுக்க வேணாம். நாங்க மட்டும் தூக்குறோம்" என்றாள் நெல்லி.

"ஓகோ! என் மடி ஆகாதோ?" என்று மந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு மாதம் பேசவே இல்லை.

கீச்சியிடம் எந்த மாற்றமும் தெரியவில்லை. "இதோ வந்துட்டேன்" என்று ஓடிவரும் இருவரையும் அவள் வியப்போடு பார்ப்பாள், அவ்வளவுதான். சில நாள் கருவாலுக்கே நம்பிக்கை தளரும். மறுநாளும் ஓடுவான்.

இதற்கிடையில் காட்டுப்பூனை ஒன்று அந்தப் பக்கம் நோட்டம் விட்டது. யார் கூப்பிட்டாலும் போகிற குட்டி! பிடித்தாலும் சத்தம் போடாத குட்டி! இதைவிட வசதி வேறு என்ன வேண்டும்? ஒருநாள் கீச்சி கூட்டுக்குக் கீழே ஒரு கிளையில் தனியே விளையாடிக்கொண்டிருந்தாள். நெல்லி கூட்டுக்குள் இலை அடுக்கிக்கொண்டிருந்தாள். கருவால் அடுத்த மரத்தில் பழம் பறித்துக்கொண்டிருந்தான். பூனை பலாச்சுளை ஒன்றைக் கவ்விக்கொண்டு தாழ்ந்த கிளையில் ஏறி உட்கார்ந்தது.

"வாடி என் செல்லம்! அத்தைகிட்ட வா. சுளை தரேன்!"

கீச்சி பழக்கத்தில் மூன்று அடி எடுத்து வைத்தாள். கையையும் தூக்கினாள். ஆனால் நான்காவது அடி வரவில்லை. ஏனோ திரும்பி மேலே பார்த்தாள்.

"அப்பாகிட்ட கேட்டுட்டு வரேன்" என்றாள்.

"அப்பா எதுக்கு? நீ சமத்துப் பொண்ணாச்சே! அழவே மாட்டியாமே!" என்று பூனை பதுங்கி முன்னே நகர்ந்தது. கால் நகங்கள் வெளியே வந்தன.

கீச்சி வாயைத் திறந்தாள்.

"அப்பாஆ! அம்மாஆ!"

அந்தச் சின்ன உடம்பிலிருந்து அப்படி ஒரு சத்தம்! கருவால் பழங்களைப் போட்டுவிட்டுப் பாய்ந்தான். இடையில் கிளையே இல்லாத இடத்தைத் தாண்டி எப்படி வந்தான் என்று அவனுக்கே தெரியாது. நெல்லி மேலிருந்து பூனை மேல் விழுந்து அதன் காதைக் கடித்தாள். கோபத்தை மறந்து மந்தியும் ஓடிவந்து கிளையைப் பிடித்து உலுக்கினாள். பூனை புதருக்குள் தலைகுப்புற விழுந்து, எழுந்து, ஓடியே போய்விட்டது.

கீச்சி அழுதாள். நெல்லியின் கழுத்து ரோமத்தைப் பற்றிக்கொண்டு விக்கி விக்கி அழுதாள். இத்தனை மாத அழுகையையும் சேர்த்து அழுதாள்.

"அழுடா தங்கம், நல்லா அழு. அப்பா எங்கேயும் போகலை" என்று கருவால் அவள் முதுகுக் கோடுகளைத் தடவிக்கொண்டே இருந்தான்.

மந்தி கிட்டே வந்து, "பயந்துட்டியாடி? கொஞ்சம் என்கிட்ட வா" என்று கையை நீட்டினாள். கீச்சி இன்னும் உரக்க வீறிட்டு, நெல்லியின் நெஞ்சுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மந்திக்கு இந்த முறை கோபம் வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் மரத்துக்குப் போனாள்.

அதற்குப் பிறகு கீச்சி மழை பெய்தால் அழுதாள், வாலைச் சீவினால் அழுதாள், கருவால் பக்கத்துக் கிளைக்குப் போனாலும் அழுதாள். மரமே அதிர்ந்தது. ஒவ்வொரு முறையும் இருவரில் ஒருவர் ஓடினார்.

நாம் அழுதால் வர ஆள் இருக்கிறது என்று நம்பும் குழந்தைதான் வாய்விட்டு அழும். அலுக்காமல் ஓடி ஓடி அந்த நம்பிக்கையைத் தருபவர்களே அதற்குத் தாயும் தகப்பனும்.