ராசா அச்சாரமா வச்ச ஒத்தைச் செருப்பு

சத்தியமாச் சொல்றேன், இதுல ஒரு சொல்லு பொய்யில்ல. பொய்யின்னா நாளைக்கு விடியும்போது என் மீசை எதிர்வீட்டுக்காரன் மூஞ்சியில இருக்கட்டும்.

ரொம்ப காலத்துக்கு முந்தி கொன்றையூர்ச் சீமையைத் திருமேனின்னு ஒரு ராசா ஆண்டான். நல்ல மனுசந்தான். ஆனா காலையில கேட்டது மத்தியானம் பிடிக்காது. அதிரசம் சுடுற நல்லாயிகிட்ட ஆயிரம் அதிரசம் வேணும்பான். அவ சுட்டு அடுக்கிக் கொண்டாந்தா, அப்பம் திங்கணும்போல இருக்கேன்னு திருப்பி அனுப்பிருவான். ரெண்டு தடவை இப்பிடியே ஆச்சு. அவ மாடுகூட அதிரசத்தைப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. மிஞ்சினது ஒரு மூட்டை அரிசி. அதும் போனா கடையை மூட வேண்டியதுதான்.

மூணாந்தடவை ஆளு வந்ததும் நேரா சபைக்கே போயிட்டா.

"சுடுறேன் சாமி. முதல்ல உங்க செருப்புல ஒண்ணைக் கழட்டிக் குடுங்க."

அது பட்டத்துச் செருப்பு. ரெண்டு காலுலயும் அது இல்லாம ராசா சிம்மாசனத்துல உக்காரக் கூடாது, அந்தச் சீமை வழக்கம் அப்பிடி. பிரதானி குழந்தைவேலு குதிச்சான். அவன் மச்சான்தான் அரண்மனைச் சமையக்காரன், அதுல நல்லாயி மேல எரிச்சல்; முந்தின ரெண்டு தடவையும் வேண்டாம்னு ராசா காதுல ஓதினதும் அவந்தான். ராசா வாக்கு போதாதான்னு கேட்டான்.

"வாக்கைப் பானையில போட்டு வச்சாலும் மத்தியானம் காணமே, பிரதானியாரே."

ராசா சிரிச்சுட்டான். "நீ ஏமாத்திட்டா?"

"ஜோடியாத் தாரேன் சாமி. நீங்க வேண்டாம்னா இது எனக்கு."

சரின்னு கழட்டிக் குடுத்தான். மத்தியானம் அதிரசம் வந்துச்சு. ராசாவுக்குக் கொழுக்கட்டை ஆசை. ஒத்தைச் செருப்பை வச்சு அவ என்ன கிழிப்பான்னு பிரதானி காதுல ஓதினான். ராசாவும் வேண்டாம்னுட்டான். நல்லாயி கும்பிட்டுட்டுக் கிளம்பிட்டா, செருப்போட.

அப்புறந்தான் சங்கதி. ராசா உக்கார முடியல. ராசா நின்னா சபையே நிக்கணும். பொழுது சாயிறவரைக்கும் நின்னாங்க. பிரதானிக்கு முட்டி கழண்டுபோச்சு, நல்லாயி வீட்டுக்கு ஓடினான். ஆயிரம் அதிரசத்துக்குக் காசு தாரேன், செருப்பைக் குடும்மான்னு கெஞ்சினான். காசு கையில இல்ல.

"போயி எடுத்துட்டு வாங்க. அதுவரைக்கும் உங்க செருப்பு ஒண்ணு இங்க இருக்கட்டும்."

பிரதானி நொண்டிக்கிட்டே சபைக்கு வந்ததைப் பாத்து ராசா வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சான். முந்தி வீணாப்போன ரெண்டாயிரத்துக்கும் பிரதானிதான் காசு குடுக்கணும்னான், ஒவ்வொரு தடவையும் வேண்டாம்னு ஓதினது அவந்தானே. காசு போய்ச் சேந்ததும் ராசா செருப்பு திரும்பி வந்துச்சு. இனிமே எவன் எதைப் பேசி முடிச்சாலும் முன்னால ஒரு பொருளைக் குடுக்கணும், பின்வாங்கினா அது போச்சு, வாங்கினவன் ஏமாத்தினா ரெண்டாத் தரணும்னு தண்டோரா போட்டான். அதுதான் அச்சாரம். இன்னைக்கு வீடு வாங்குறவன் அட்வான்ஸுங்குறான், நல்லாயி பேரைச் சொல்றானா?

கதை முடிஞ்சுச்சு, துட்டை வைங்க. எந்திரிச்சுப் போயிரலாம்னு பாக்காதீங்க. வாசல்ல ஆளுக்கு ஒரு செருப்புதான் கெடக்கும், இன்னொண்ணு என் சாக்குல இருக்கு.