நடு மாடத்துக்கு ஒரு வணக்கம்

சக்கரவர்த்தி சிம்மாசனத்தை விட்டு இறங்கி இரண்டு குளிர்காலம் கழிந்துவிட்டது. அவருடைய நாடக அரங்கம் மட்டும் அந்த ருஷ்ய நகரத்தில் இருந்த இடத்திலேயே இருந்தது. வாசல் பலகையில் இருந்த மகாராணியின் பெயரைச் சுரண்டிவிட்டு வேறு பெயர் எழுதினார்கள். அதையும் சுரண்டி இன்னொன்று எழுதினார்கள். உள்ளே பாட்டும் பாலே நடனமும் நடந்தபடியே இருந்தன.

மேடைக்கு நேர் எதிரே, நடுவில், ராஜ குடும்பம் உட்காரும் மாடம். அதன் உச்சியில் இருந்த பொன் கழுகைப் பெயர்த்தாயிற்று. பழைய காலண்டரை எடுத்த சுவர் மாதிரி, கழுகு இருந்த தடம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

ஆடி முடித்தவர்கள் முதலில் அந்த மாடத்தைப் பார்த்துக் குனிய வேண்டும். பிறகுதான் மற்ற ஜனங்களுக்கு. அப்படித்தான் எல்லோரும் பழகியிருந்தார்கள்.

தைசியா பத்து வயதில் அங்கே ஆட வந்தவள். இப்போது முப்பத்து நாலு. போன ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் அவள் கழுத்து தன் பாட்டுக்கு அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. குனிந்துவிட்டாள்.

நிர்வாகக் குழுத் தலைவர் பொத்தாப் ஓடி வந்தார். முன்பு அதே அரங்கில் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தவர்.

"யாருக்கும்மா கும்பிடு? போன ராஜாவுக்கா?"

"பழக்கம், தோழரே."

"பழக்கத்தை வீட்டிலேயே விட்டுட்டு வாங்க."

புதன்கிழமை தைசியா கழுத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். இடப்பக்கம் குனிந்தாள். வலப்பக்கம் குனிந்தாள். மேல்தட்டு இருக்கைகளைப் பார்த்தும் குனிந்தாள். நடு மாடத்தின் பக்கம் மட்டும் கண்ணைக்கூடத் திருப்பவில்லை.

இப்போதெல்லாம் சீட்டுக் குலுக்கித்தான் இடம். அன்றைக்கு நடு மாடம் துணி வெளுக்கும் பெண்களுக்கு விழுந்திருந்தது. அவர்களில் வர்வாரா என்பவளுக்குக் கனத்த குரல். அங்கிருந்தே கத்தினாள்.

"ராஜா உட்கார்ந்தா இடுப்பு வளையும், நாங்க உட்கார்ந்தா வளையாதோ?"

மறுநாள் பொத்தாப்பின் மேஜையில் புகார்.

"குனிஞ்சாலும் தப்பு, குனியாட்டாலும் தப்புன்னா நான் என்னதான் செய்யட்டும்?" என்று கேட்டாள் தைசியா.

"அது எனக்குத் தெரியாதும்மா. சனிக்கிழமை இன்னொரு புகார் வந்தா வேஷம் போயிடும். ரொட்டி அட்டையையும் நான் திருப்பி வாங்கணும்."

அந்த அட்டையில்தான் அவளுக்கு ரொட்டி, எட்டு மாத மகளுக்குப் பால்.

சனிக்கிழமை ஆட்டம் இரண்டு மணிக்கு. உச்சிவேளையில் குழந்தையை உடை அறையில் கூடைக்குள் தூங்கப் போட்டுவிட்டு மேடைக்குப் போனாள். அங்கே ஆசான் லுக்கியான் நின்றிருந்தார். வயதில் அவளோடு ஒத்தவர்தான். முழங்கால் உடைந்ததிலிருந்து ஆட்டத்தை விட்டுச் சொல்லிக்கொடுக்க வந்தவர். கையில் பூவாளி. காய்ந்த பலகையில் கால் வழுக்கும் என்று, ஆட்டத்துக்கு முன்னால் தண்ணீர் தெளிப்பார்கள்.

"ஆசானே, இன்னைக்கு முதல் வணக்கம் யாருக்கு?"

"பூவாளியைப் பிடி."

"என் வயித்துல நெருப்பு எரியுது. உங்களுக்குத் தண்ணி தெளிக்க ஆள் வேணுமா?"

"நெருப்புக்குத் தண்ணி நல்லதுதானே. பின்னாடி போய் ஊத்து."

"தெளிக்கவா, ஊத்தவா?"

"ஊத்து."

மேடையின் பின்சுவரோரம் போய் ஊற்றினாள். தண்ணீர் கொஞ்சம் யோசித்தது. பிறகு தவழப் பழகிய பிள்ளை மாதிரி, பலகை பலகையாகத் தாண்டி முன்னால் போனது. மேடை விளிம்பிலிருந்து முதல் வரிசை முன்னால் சொட்டியது.

"எந்தப் பக்கம் போகுது?" என்றார் ஆசான்.

"ஜனங்க பக்கம். பின்னாடி உசரம், முன்னாடி தாழ்வு. எல்லார் கண்ணுக்கும் கால் தெரியணும்னு அப்படிக் கட்டியிருக்கு. பத்து வயசுல இந்தச் சரிவுல விழுந்த தழும்பு இன்னும் என் முட்டியில இருக்கு."

"ராஜா வந்த நாள்ல எந்தப் பக்கம் போச்சு?"

"இதே பக்கந்தான்."

"அவர் வராத நாள்ல?"

தைசியா மேடை விளிம்புக்குப் போனாள். சொட்டு விழுவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"துணி எடுத்துத் துடைச்சிடு. அரை வாளி ஊத்திட்டே."

"நீங்கதானே ஊத்தச் சொன்னீங்க!"

"துடைக்கவும் நான்தான் சொல்றேன்."

இரண்டு மணிக்கு அரங்கம் நிறைந்தது. அடுப்பு மூட்ட விறகு இல்லை. ஜனங்கள் கம்பளிக் கோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். மூச்செல்லாம் புகையாக எழுந்தது. நடு மாடம் அன்றைக்கு ரயில் பட்டறைக்காரர்களுக்கு. வர்வாராவுக்கு மேல்தட்டில் இடம். திரை ஓரத்தில் பொத்தாப், ஒரு கையில் தைசியாவின் அட்டை, மறு கையில் பென்சில்.

மெல்லிய உடையில், குளிரில், தைசியா ஆடி முடித்தாள். கழுத்து நடு மாடத்தைத் தேடியது. அவள் அதைத் திருப்பவும் இல்லை, பிடித்து வைக்கவும் இல்லை. பின்னாலிருந்து நடக்கத் தொடங்கினாள். சரிவு காலை இழுத்தது. அதன் போக்கில் விட்டாள். தண்ணீர் சொட்டிய மேடை விளிம்புக்கு வந்து நின்று, நெற்றி முட்டியைத் தொடும் மட்டும் குனிந்தாள். ஒரே ஒரு தடவை. வெகுநேரம் நிமிரவில்லை.

கைதட்டல் கூரையை இடித்தது.

"பார்த்தீங்களாடி, நமக்குத்தான்!" மேலேயிருந்து வர்வாரா.

"போம்மா, எங்களுக்கு!" நடு மாடத்திலிருந்து பட்டறைக்காரர்கள்.

முன்வரிசையில் ஒருவன் தொப்பியைக் கழற்றினான்.

திரை இறங்கியது. பொத்தாப் வந்தார்.

"புகார் ஒண்ணும் இல்லை. ஆளாளுக்கு எங்களுக்குத்தான்னு சண்டை போட்டுக்கிறாங்க. இந்தாங்க அட்டை." பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டார். "ஆனா அறிக்கையில ஒரு பேர் எழுதணும். யாருக்கும்மா குனிஞ்சீங்க?"

தைசியா லுக்கியானைப் பார்த்தாள். உடை அறையில் குழந்தை அழத் தொடங்கியிருந்தது.

"அவ பால் புகட்டப் போகட்டும், தோழரே," என்றார் லுக்கியான். "இந்தத் தரை கட்டின நாளிலேருந்து குனிஞ்சேதான் இருக்கு. யாருக்குன்னு முதல்ல அதைக் கேட்டு எழுதிக்குங்க."