காதுக்கு எட்டாத கை

ஒரு ஊர்ல ஒரு காது இருந்துச்சாம். அந்தக் காதுக்கு ஒரு கை எட்டவே எட்டலையாம். ம் சொல்லு. சொல்லாட்டி நீ தூங்கிட்டேன்னு நெனச்சு பெரியம்மா எந்திரிச்சுப் போயிடுவேன்.

"ம்."

காலை நீட்டிப் படு. இப்படி எறா மாதிரி சுருண்டா எப்படி வளர்றது? அந்தக் காது, வேம்புன்னு ஒரு பிள்ளையோடது. கையும் அவளோடதுதான். அந்தக் காலத்துல பள்ளிக்கூடத்துல சேக்குறதுக்கு பொறந்த தேதிய யாரும் கேக்க மாட்டாங்க. வலது கைய தலைக்கு மேல கொண்டுபோயி இடது காதைத் தொடணும். தொட்டா அஞ்சு வயசு. தொடாட்டி வீட்டுக்குப் போகணும்.

வேம்புவோட அம்மா பேரு தனக்கோடி. மகளுக்கு எண்ணெய் தடவி, ரெட்டைச் சடை போட்டு, பெரிய வாத்தியார் முன்னாடி கொண்டுபோயி நிப்பாட்டுனா. கை மெதுவா ஏறுச்சு. உச்சந்தலை வரைக்கும் போச்சு. அங்கேயே நின்னுடுச்சு. அடுத்த வருசம் கூட்டிட்டு வாங்கன்னுட்டாரு வாத்தியார். வேம்பு அழல. தனக்கோடிதான் அழுதா.

ஏன்னா, அப்பத்தான் அவளுக்கு ஒண்ணு நெனப்பு வந்துச்சு. பொங்கல் கழிஞ்சு ஒரு நாள், வேம்பு சமையக்கட்டு வாசல்ல குறுக்கால படுத்துத் தூங்குனா. உள்ள பால் புஸ்ஸுன்னு பொங்குச்சு. தனக்கோடி ஓடியாந்து, பிள்ளைய ஒரே தாண்டாத் தாண்டி, பாலை எறக்கிட்டா. படுத்திருக்கிற பிள்ளையத் தாண்டுனா பிள்ளை வளராதுன்னு ஊருக்கே தெரியும். தாண்டுன ஆளே திரும்பத் தாண்டிட்டா சரியாயிடும்னும் தெரியும். ஆனா அந்த நேரம் பாத்து குழாய்ல தண்ணி வந்துடுச்சு. குடத்தைத் தூக்கிக்கிட்டு கொல்லை வழியாப் போனவ, அதை மறந்தே போயிட்டா. பால் மிச்சம். பிள்ளை அங்கேயே நின்னுபோச்சு. ம் சொல்லு.

"ம். அப்புறம்?"

அப்புறம் அவளுக்குச் சோறு எறங்கல. மாமியாகிட்ட சொல்ல முடியுமா? இந்தக் காலாலயா தாண்டுனேன்னு காலையே பாத்துக்கிட்டு இருந்தா. சரி, பிள்ளை மத்தியானம் தூங்கும்போது திரும்பத் தாண்டிடலாம்னு முடிவு பண்ணுனா.

மொத நாள், வேம்பு தூங்குனா. தனக்கோடி காலைத் தூக்குனா. வேம்பு உருள், உருள், உருள்னு உருண்டு கட்டிலுக்கு அடியில போயிட்டா. கட்டிலோட சேத்துத் தாண்ட தனக்கோடிக்குக் கால் பத்தாது.

ரெண்டாம் நாள், காலைத் தூக்குனா. வேம்பு கண்ணைத் தொறந்து, ஏம்மா ஒத்தக்கால்ல நிக்கிறேன்னு கேட்டா. கால் மரத்துப்போச்சுன்னா தனக்கோடி. உடனே வேம்பு எந்திரிச்சு, நானும் நிப்பேன்னு ஒத்தக்கால்ல நின்னா. பத்து எண்ணுற வரைக்கும் ஆடாம நின்னா. போன மாசம் ரெண்டு எண்ணுறதுக்குள்ள தொம்முன்னு விழுந்தவ. தனக்கோடி அதைப் பாக்கல. அவ காதைத்தான் பாத்துக்கிட்டு இருந்தா.

மூணாம் நாள், காலைத் தூக்கலாம்னு வந்தா, ஆளையே காணோம். பாயைச் சுருட்டி மூலையில சாத்திட்டு, வேம்பு பானையில தண்ணி மொண்டு குடிச்சுக்கிட்டு இருந்தா. மடக்கு மடக்குன்னு. கீழ ஒரு சொட்டு சிந்தல. கவுன் பட்டனைக்கூட அவளே போட்டிருந்தா. ஒரு பட்டன் மட்டும் மாறிப்போச்சு.

தூங்கலையான்னு கேட்டதுக்கு, மத்தியானம் எனக்குத் தூக்கம் வர்றதில்லம்மா, அதெல்லாம் சின்னப் பிள்ளைங்க தூங்குறதுன்னுட்டா.

அப்போ தனக்கோடி அப்படியே தரையில உக்காந்துட்டா. எல்லாத்தையும் மககிட்டயே சொல்லிட்டா. பால், கால், தண்ணி, எல்லாம். வேம்பு நல்லாக் கேட்டுக்கிட்டா. அப்புறம் சமையக்கட்டு வாசல்ல போயி குறுக்கால படுத்துக்கிட்டு,

"இந்தா, தாண்டு" அப்படின்னா.

தனக்கோடி தாண்டுனா. அவ்வளவுதான். அதுக்கா மூணு நாள்?

எந்திரிச்சு வேம்பு என்ன சொன்னா தெரியுமா? இப்ப நீ படும்மான்னா. தனக்கோடியும் படுத்தா. வேம்பு தூரத்துல இருந்து ஓடியாந்து, தடதடதட, தொம், அம்மாவைத் தாண்டி அந்தப் பக்கம் குதிச்சா. குதிச்சவ திரும்பத் தாண்டாம நின்னுக்கிட்டா.

"என்னடி பண்ணிட்ட?"

"நீ வளராதம்மா. நீ வளந்தா கிழவியாயிடுவ. நான் வளந்து வர்ற வரைக்கும் அங்கேயே இரு."

ம் சொல்லு.

"...ம்."

அடுத்த ஜூன் மாசம் கை உச்சந்தலையத் தாண்டி, சடையத் தாண்டி, சர்ருன்னு எறங்கிக் காதைப் பிடிச்சுச்சு. பிள்ளைக்கு என்னம்மா குடுத்தேன்னு வாத்தியார் கேட்டாரு. ஒண்ணும் குடுக்கல சார், திரும்பத் தாண்டுனேன்னா தனக்கோடி. அவரு அதை நோட்டுல எழுதிக்கல.

வேம்பு வளந்தா. அம்மாவோட இடுப்பு வந்துச்சு, தோள் வந்துச்சு, ஒரு நாள் அம்மாவோட தலையையும் தாண்டிட்டா. அம்மாவைத் திரும்பத் தாண்ட மட்டும் கடைசி வரைக்கும் ஒத்துக்கல. தனக்கோடியும் அதுக்கப்புறம் ஒரு விரக்கடைகூட வளரல. வேணும்னா அளந்து பாத்துக்கலாம்.

ம்?

காது கைக்கு எட்டியாச்சு, கதை வீட்டுக்குப் போயாச்சு, நீ தூங்கு. அடுப்புல பால் இருக்கு. பயப்படாத. பொங்குனா பொங்கட்டும், நான் உன்னைச் சுத்திக்கிட்டுத்தான் போவேன்.